டயர் மாற்றத் தெரிந்தவள்

கோதுமை மாவை நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, ரிம்மின் விளிம்பில் அழுத்தி ஒட்டினேன். காரின் முன்பக்கம் ஜாக்கியின் மேல் தூக்கி நின்றது. சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிட்டுக் கையை எடுத்தேன். ஒரு சுற்று வந்து நின்றது. இன்னொரு இடத்தில் பிடித்து, சுற்றாமல் சும்மா விட்டுப் பார்த்தேன். விட்ட இடத்தில் அப்படியே நின்றது. இந்தப் பக்கமும் உருளவில்லை, அந்தப் பக்கமும் உருளவில்லை.

"நிக்குதுங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் வேப்பமரத்தடியில் மூங்கில் மோடாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து தானே மூன்று தடவை சுற்றிவிட்டுப் பார்த்தார். குனிந்து சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார். "ம்" என்றார். அவர் ஒரு வேலையைப் பாராட்டுகிற விதம் அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அந்த "ம்" எனக்கு நாலைந்து தடவைதான் கிடைத்திருக்கும்.

பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "வெள்ளிக்கிழமை மலை மந்திர்ல வண்டிக்குப் பூஜை போட்டுருவோம். நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வையி. ஸ்டியரிங்கப் பிடிக்க முந்தி முருகன்கிட்ட காட்டிரணும்."

என் கையெல்லாம் மாவும் கிரீஸும். அப்படியே நின்று சிரித்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்காக என்னையே ஒரு அறை அறையலாம் போலிருக்கிறது.

மகளின் போன்

போன வாரம் இந்தப் பத்தியில் கெரசின் ஸ்டவ் கதையை எழுதினேன் அல்லவா? படித்துவிட்டு என் மகள் போன் செய்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அப்படியும் முழுக்கப் படித்திருக்கிறாள். "அப்பாவைப் பத்தி இதெல்லாம் எழுதணுமாம்மா? அவர்தான் போயாச்சே" என்றாள்.

போனவர்களைப் பற்றி நல்லதே சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். குடிக்க மாட்டார். கை நீட்டியதில்லை. சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பார். ஊரில் என் அக்காமாருக்கு வாய்த்தவர்களோடு வைத்துப் பார்த்தால் இவர் தங்கம். ஐந்து வருஷம் என்னை இலவு காத்த கிளியாக வைத்திருந்தவரும் இவர்தான். அதை நான் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்?

யாரையும் நம்பாத மனுஷன்

அப்போது டெல்லியில், ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் மாடியில் இருந்தோம். அவருக்கு மத்திய சர்க்கார் அலுவலகத்தில் வேலை. எனக்கு லோதி ரோடு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் உத்தியோகம். மகளும் மகனும் சின்னவர்கள். ஊரெல்லாம் மேம்பாலம் கட்டத் தொடங்கியிருந்த சமயம்.

மாற்றலாகிப் போன ஒரு அதிகாரியிடமிருந்து அந்தப் பழைய காரை வாங்கினார். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். எங்களிடம் வந்தபோது மோர் நிறம். எங்கள் பிளாக்கில் மற்றவர்களிடம் ஸ்கூட்டர்தான் இருந்தது. அதனால் அந்தக் காருக்கு ஒரு கான்வாஸ் போர்வை தைத்து, வாரம் முழுக்க மூடியே வைத்திருந்தார். அவர் அலுவலகத்துக்குப் போவது காலனி வாசலில் நிற்கிற சார்ட்டர்ட் பஸ்ஸில். கார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும். கோயிலுக்கு, இந்தியா கேட்டுக்கு, யாராவது கல்யாணத்துக்கு. திங்கட்கிழமை மறுபடி போர்வை.

மனுஷன் யாரையும் நம்ப மாட்டார். பால்காரனை நம்ப மாட்டார், தபால்காரனை நம்ப மாட்டார். பஞ்சர் கடைக்காரன் என்றால் சொல்லவே வேண்டாம். "நல்ல ட்யூப உருவிட்டு ஒட்டுப் போட்ட ட்யூப உள்ள வச்சிருவான். நீ டீ குடிச்சிட்டு வாறதுக்குள்ள காரியம் முடிஞ்சிரும்" என்பார். ட்யூப்களில் அழியாத மைப் பென்சிலால் தன் கையெழுத்தைப் போட்டு வைத்திருந்தார். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

அதனால் டயர் வேலை முழுக்க வீட்டில்தான். ஜாக்கி, வீல் ஸ்பானர், டயரை நெம்புகிற இரும்புப் பட்டைகள் மூன்று, கைப் பம்பு, சோப்புத் தண்ணீர்ப் பக்கெட். இவ்வளவையும் வாங்கிச் சேர்த்துவிட்டுப் பார்த்தால் ஒன்று குறைந்தது. அவர் ஒல்லி. ரிம்மோடு இறுகிப் பிடித்திருக்கிற டயர், அவர் ஏறி மிதித்தால் அசையவில்லை.

"ஏட்டி செண்பகம், இங்க வந்து இதுமேல ஏறி நில்லு" என்று மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

இப்படித்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். என் அறிவுக்காக யாரும் கூப்பிடவில்லை, என் எடைக்காகக் கூப்பிட்டார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டயர் மேல் ஏறிக் குதித்தேன். டப் என்று விட்டுக்கொடுத்தது. எதிர் மாடியிலிருந்து பஞ்சாபி மாமி ஒருத்தி கைதட்டினாள். அன்றிலிருந்து அந்த வரிசையில் எனக்கு "மிஸ்திரி பாபி", அதாவது மெக்கானிக் அண்ணி, என்று பெயர்.

என் முகப்பவுடர் டப்பாவும் அன்றோடு போயிற்று. ட்யூப் டயருக்குள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பவுடர் தூவ வேண்டும். நல்ல மல்லிகை வாசனைப் பவுடர். என் முகத்துக்குக் கிடைத்ததைவிட அந்த ட்யூப்களுக்கு அதிகமாகக் கிடைத்தது.

பஸ்ஸும் ஒரு கடிதமும்

டெல்லி பஸ்ஸில் தினம் போய்வந்த பெண்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு எவ்வளவு விளக்கினாலும் புரியாது. என் ஹேண்ட்பேகில் எப்போதும் ஒரு பெரிய ஊக்கு இருக்கும், அவ்வளவு சொன்னால் போதும். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். கீழே கான்வாஸ் போர்வைக்குள் கார் தூங்கும். நான் அதன் பக்கத்தில் நடந்துதான் பஸ் ஸ்டாப்புக்குப் போவேன்.

நான் எம்.எஸ்ஸி. கணக்கு. கிளாஸில் முதலாவதாகத் தேறியவள். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்தது ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும். பின்னமும் வட்டிக்கணக்கும் சொல்லிக்கொடுத்து என் படிப்பு துருப்பிடித்துக்கொண்டிருந்தது. அப்போது பன்னிரண்டாம் வகுப்பு புதிதாக வந்திருந்தது. மந்திர் மார்க் பக்கம் ஒரு பள்ளியில் மேல்வகுப்புக் கணக்குக்கு ஆள் தேடினார்கள். எங்கள் தலைமையாசிரியை நல்ல மனசுக்காரி. என் பெயரை எழுதி அனுப்பினாள். பதில் கடிதம் வந்தது. தசரா விடுமுறை முடிந்ததும் வந்து சேரலாம், சம்மதமா இல்லையா என்று அதற்குள் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு முடிச்சு. அங்கே மேல்வகுப்புகள் காலை ஷிப்ட். ஏழு மணிக்கு முன்னால் வகுப்பில் நிற்க வேண்டும். எங்கள் செக்டரிலிருந்து அந்த நேரத்துக்கு ஒழுங்கான பஸ் கிடையாது. குளிர்காலத்தில் பனி மூடினால் வருகிற பஸ்ஸும் வராது. நடுவில் ஆள் நடமாட்டமில்லாத நிறுத்தத்தில் இருட்டில் நின்று பஸ் மாற வேண்டும். கார் இருந்தால் இருபது நிமிஷம்.

காரைக் கேட்டேன். கேட்கத் தொடங்கியது அன்றைக்கில்லை, வாங்கிய வருஷத்திலிருந்தே ஓட்டப் பழக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒருபோதும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அதுதான் அவருடைய சாமர்த்தியம்.

"ஸ்டெப்னி மாத்தத் தெரியாம வண்டிய எடுத்தா நடுரோட்டுல நிப்ப. மொதல்ல அதப் படி" என்றார். படித்தேன். தனியாளாக ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெப்னி மாட்டிக் காட்டினேன்.

"ரெண்டாவது டயரும் பஞ்சராச்சுன்னா? ட்யூப் மாத்தத் தெரியணும்லா?" என்றார். அதையும் படித்தேன். நகம் இரண்டு போயிற்று. நெம்புகோலை அவசரமாகச் செருகினால் ட்யூப் கடிபட்டு ஓட்டையாகும் என்பதை ஓட்டையாக்கியே தெரிந்துகொண்டேன்.

"ஸ்டியரிங் ஏன் ஆடுதுன்னு தெரியாதவ ஸ்டியரிங்கப் பிடிக்கப்பிடாது. வீல் பேலன்ஸ் பண்ணப் படி" என்றார்.

இந்தக் கடிதம் வந்ததும் அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். படித்தார். மடித்துக் கொடுத்தார். "பேலன்ஸ மட்டும் சரியாப் பண்ணிக் காட்டிரு. அப்புறம் ஓட்டப் பழகிட்டு காலம்பற வண்டிய எடுத்துட்டுப் போ. எனக்கென்ன, நான் பஸ்லதான போறேன்" என்றார். பிள்ளைகள் இரண்டும் பக்கத்தில் இருந்தன. கேட்டுக்கொண்டிருந்தன.

நான் ஓடிப்போய் லேர்னர் லைசென்ஸ் எடுத்தேன். அதற்கு முன்னால் எடுத்தது ஓட்டாமலே காலாவதியாகியிருந்தது.

மாவு யோசனை

பேலன்ஸ் செய்வது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். டயர் எல்லாப் பக்கமும் ஒரே கனமாக இருக்காது. ஒரு பக்கம் இம்மி கூடுதலாக இருந்தாலும் வேகமாகப் போகும்போது வண்டி உதறும். இப்போது மெஷினில் வைத்து நிமிஷத்தில் சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் செய்வதென்றால், முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பிரேக் உரசாமல் தளர்த்திவிட்டு, சக்கரத்தைச் சுற்றி விட வேண்டும். கனமான பக்கம் ஆடி ஆடிக் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் மேலே சாக்பீஸ் கோடு. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ரிம்மில் ஈயத் துண்டு மாட்டினால் சமமாகும். நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக முன்பக்கம் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

எவ்வளவு ஈயம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர் காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளிலிருந்து ஒரு டப்பா நிறையப் பழைய ஈயத் துண்டுகள் வாங்கிவந்து, ஒவ்வொன்றாகத் தட்டி மாட்டி, கழற்றி, வேறு மாட்டி, பகல் முழுக்கப் போராடுவார். கடைசியில் "சவத்தத் தூக்கிப் போடு" என்று எழுந்துவிடுவார். அப்புறம் அதை என் தலையில் கட்டிவிட்டு மோடாவுக்குப் போனார்.

எனக்கு யோசனை வந்தது சப்பாத்தி இடும்போது. மாவை ஒட்டிப் பார்க்கலாமே? கூடினால் கிள்ளி எடுக்கலாம், குறைந்தால் சேர்க்கலாம். சக்கரம் சமமாக நின்றதும் அந்த மாவுருண்டையை எடுத்து எடை பார்த்து, அதே எடைக்கு ஈயத்தை வெட்டி, அரம் போட்டு ராவி மாட்டினால் முடிந்தது. ஒரு மர ஸ்கேலின் நடுவில் நூல் கட்டி, இரண்டு பக்கமும் டப்பா மூடிகளைத் தொங்கவிட்டுத் தராசு செய்தேன். அரை மணியில் ஒரு சக்கரம்.

இரண்டு நாள் கழித்து அவருடைய அலுவலக நண்பர் ஒருவர் சாப்பிட வந்தார். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் அவரிடம் சொல்கிறார்: "ஒரு சின்ன யோசனதான் சார். ஆட்டா இருக்குல்லா, அத ஒட்டிப் பாத்தேன்." நண்பர், "அரே வாஹ்" என்றார். நான் கரண்டியை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். அன்றே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

சங்கரன்

இதற்கிடையில் ஊரிலிருந்து அவருடைய தம்பி வந்து சேர்ந்தான். சங்கரன். டிகிரி முடித்து வேலை தேடி வந்தவன். அடக்கமான பையன், என்னை மைனி மைனி என்று கூப்பிட்டுக்கொண்டு காய் நறுக்கிக் கொடுப்பான். அவன் மேல் எனக்கு அப்போதும் வருத்தமில்லை, இப்போதும் இல்லை.

பூஜைக்கு முந்திய அந்த வாரம் முழுக்கச் சாயங்காலங்களில் அண்ணனும் தம்பியும் காரை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். வார நாளில் போர்வை விலகியதே அதிசயம். "சங்கரனுக்கு ஊரச் சுத்திக் காட்டுதேன்" என்றார். எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டாமா? ஒன்றும் தோன்றவில்லை. நான் சாயங்காலம் கால்குலஸ் புத்தகத்தைத் தூசி தட்டி, பழைய நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை மறக்கவில்லை என்று தெரிந்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை

அன்றைக்கு அரக்குப் பட்டுப் புடவை கட்டினேன். காலுக்குக் கான்வாஸ் ஷூ. செருப்புப் போட்டால் கிளட்ச் மிதிக்கும்போது நழுவும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பட்டுப் புடவைக்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூவைப் பார்த்து என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஹேண்ட்பேகில் லேர்னர் லைசென்ஸ். பையில் நாலு எலுமிச்சம்பழம், தேங்காய், சூடம்.

மலை மந்திர் அடிவாரத்தில் காரை நிறுத்தினார். குருக்கள் வந்து பானெட்டில் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மாலை சாத்தினார். தேங்காயைச் சுற்றி உடைத்தார். நம் ஆட்களுக்குத் தெரியும், கடைசியில் நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை அதன் மேல் ஏற்ற வேண்டும்.

நானே குனிந்து நாலு பழத்தையும் வைத்தேன். ஒவ்வொரு சக்கரத்தையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நான் கழற்றி மாட்டிய சக்கரம், நான் வெட்டி ராவிய ஈயம். எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர் பக்கக் கதவுக்கு வந்தேன்.

உள்ளே சங்கரன் உட்கார்ந்திருந்தான்.

என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கிளட்ச மெதுவா விடு. பயப்படாத. ஒரு வாரமா நல்லாத்தான ஓட்டுத." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் ஷூவைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்தது. புரிந்தும், "பிள்ளையள அந்தால தள்ளிக் கூட்டிட்டுப் போ. வண்டி கிளம்பப் போவுது" என்றார்.

தள்ளி நின்றேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. நாலு பழமும் நசுங்கின. எலுமிச்சை வாசனை மூக்கில் ஏறியது. குருக்கள், "ரொம்ப க்ஷேமமா இருப்பேள்" என்று தட்டை நீட்டினார். அவ்வளவு பேருக்கு முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு விபூதியை எடுத்துப் பூசினேன்.

"நீ எங்க போகப் போற?"

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்பக்கூடத் தோன்றவில்லை.

"நீங்கதான சொன்னிய, பேலன்ஸ் பண்ணிக் காட்டிட்டா ஓட்டச் சொல்லித் தாறேன்னு?"

"சொன்னேன். இப்பம் இல்லன்னா சொன்னேன்? மெதுவாப் பாப்போம்."

"தசரா முடிஞ்சதும் நான் போய்ச் சேரணும். உங்களுக்குத் தெரியாதா?"

"ஆம்பளப் பிள்ள, நாளைக்கு வேலைக்குப் போனா வண்டி ஓட்டத் தெரிஞ்சா அவனுக்கு ஒரு ஒத்தாச. ஒனக்கு எதுக்குட்டி இந்த வேகாத வேல? நீ எங்க போகப் போற?"

நீ எங்கே போகப் போகிறாய். தினம் நாலு பஸ் ஏறி இறங்கி, ஊக்கைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வருகிறவளைப் பார்த்துக் கேட்கிறார்.

"அவன் ஒரு நட்டாவது கழத்தியிருக்கானா?" என்று கத்தினேன். "ஜாக்கிய எங்க போடணும்னு தெரியுமா அவனுக்கு? எனக்கு மட்டும் எதுக்கு இத்தன பரீட்ச வச்சிய?"

அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். பரீட்சை எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கு ஒரு கையாள் தேவைப்பட்டது. கையாள் ஓடிப்போகாமல் இருக்க ஒரு ஆசை காட்ட வேண்டியிருந்தது. ஓட்டத் தெரியாமல் இருக்கிறவரைதான் நான் அந்த வேலையைச் செய்வேன் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். எம்.எஸ்ஸி. படித்தவளுக்கு அந்தச் சின்னக் கணக்குத் தெரியவில்லை.

சங்கரன் கதவோரமாக நின்றுகொண்டிருந்தான். முகம் வெளிறியிருந்தது. "மைனி, சத்தியமா எனக்குத் தெரியாது. அண்ணன் வான்னாவ, போனேன்" என்றான்.

"ஒம்மேல ஒண்ணுமில்ல. போய்ச் சாப்பிடு" என்றேன்.

தசரா விடுமுறைக்கு முந்திய நாள் தலைமையாசிரியை அறைக்குப் போய், முடியாது என்று சொன்னேன். "ஏன், வீட்ல வேண்டாங்கறாரா?" என்று கேட்டாள். "இல்லை, பஸ் சரியில்லை" என்றேன். அங்கேயும் அவர் மானத்தைத்தான் காப்பாற்றினேன். அவள் கடிதத்தின் ஓரத்தில் ஏதோ குறித்துவிட்டு மூடி வைத்தாள். அதற்கப்புறம் ஓய்வு பெறுகிறவரை பின்னமும் வட்டிக்கணக்கும்தான்.

ஒரு ஞாயிறு

அடுத்த மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றுகிற நாள். கீழேயிருந்து குரல் வந்தது: "ஏட்டி செண்பகம்!"

நான் பால்கனிக்குக்கூடப் போகவில்லை. "ஓட்டுறவங்க மாட்டிக்கட்டும்" என்று உள்ளேயிருந்தே சொன்னேன். எதிர் மாடிக்கும் கேட்டிருக்கும்.

கொஞ்ச நேரத்தில் அண்ணனும் தம்பியும் ஸ்பானரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. படட்டும், நகம் போகட்டும் என்று நினைத்துக்கொண்டு படுக்கையில் கால் நீட்டி உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கால் நீட்டி உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

மத்தியானம் சாப்பிட்டதும் பிள்ளைகளை இந்தியா கேட்டுக்குக் கூட்டிப்போனார்கள். சங்கரன் ஓட்ட, அவர் பக்கத்தில், பிள்ளைகள் பின்னால். நான் வரவில்லை என்றுவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார்கள். மகன் மாடிப்படி ஏறும்போதே இந்தி கலந்த தமிழில் கத்தினான்: "அம்மா, காடி பின்னாடி டக்டக்னு ஆவாஸ் பண்ணுது! நாங்க ரொம்ப தேஜ் வந்தோம்!"

பின்னால் சத்தம், அதோடு வேகமாக வேறு வந்திருக்கிறார்கள். ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஓடினேன். பின் சக்கரத்தின் மூடியை நெம்பி எடுத்தேன். ஒரு நட்டைக் காணோம். இரண்டு நட்டுகள் விரலாலேயே சுழன்றன. மிச்சமிருந்த பிடிமானத்தில்தான் சக்கரம் நின்றுகொண்டிருந்தது.

என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்த உடனே தெரிந்தது. ஜாக்கியில் தூக்கியிருக்கும்போது முடுக்கிவிட்டு, அப்படியே விட்டுவிட்டார்கள். வண்டியைக் கீழே இறக்கியதும் ஸ்பானர் மேல் ஏறி நின்று மறுபடி ஒரு முடுக்கு முடுக்க வேண்டும். அதை ஐந்து வருஷமாக நான் செய்துகொண்டிருந்தேன். அவர் அந்த நேரத்தில் கை கழுவ மாடிக்குப் போயிருப்பார். அப்படி ஒரு வேலை இருப்பதையே மறந்திருந்தார்.

டப்பாவில் கிடந்த நட்டு ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டேன். ஒவ்வொன்றாக முடுக்கினேன். ஸ்பானர் மேல் இரண்டு காலாலும் ஏறி நின்றேன்.

அவர் இறங்கி வந்தார். "என்னட்டி பாக்க?"

"நட்டு கழண்டு போச்சு. இன்னும் ரெண்டு மைல் போயிருந்தா வீலே கழண்டு போயிருக்கும்."

குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மாடியைப் பார்த்து, "ஏலே சங்கரா, சரியா முடுக்கலியால?" என்று அதட்டினார். என் பக்கம் திரும்பி, எனக்கு ஏதோ சலுகை தருகிறவர் போல, "சரி, இனி இந்த வேலைய நீயே பாத்துக்கோ" என்றார்.

அப்புறம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிடுவதற்கு முன்பே கீழே இறங்கிவிட்டேன்.

அந்த வண்டியை விற்கிறவரை, இன்னும் எட்டு வருஷம், அதன் சக்கரங்களைக் கழற்றி மாட்டியது நான்தான். சங்கரன் ஓட்டினான். அவனுக்குக் கல்யாணமாகிப் போன பிறகு அவர் ஓட்டினார். நான் ஒரு நாளும் ஓட்டவில்லை. அதற்கப்புறம் கேட்கவுமில்லை.

அடுத்து இந்த டயர் கதையைத்தான் எழுதப் போகிறேன் என்றதும் மகள் போனில் கேட்டாள்: "அவ்வளவு கோபம் இருந்தா, அந்த வேலையை ஏம்மா செஞ்சீங்க? விட்டுட வேண்டியதுதானே?"

விட்டுப் பார்த்தேனே, ஒரு ஞாயிறு. எனக்குப் பழிவாங்கத் தெரியாமல் இல்லை. ஒரு நட்டைத் தளர விட்டால் போதும். ஆனால் அந்தக் காரின் பின் ஸீட்டில் உட்கார்ந்து போனது நீயும் உன் தம்பியும்தானே, பெண்ணே.